அவசரப்பட்டு 150 வாங்காதீர்கள்

ஸ்கைடைவிங் உரிமம் வாங்கிய சூட்டோடு சொந்த பாராசூட் தேடிக்கொண்டிருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

கூடலூரிலிருந்து எழுதுகிறேன். நம் பிள்ளைகள் விமானத்திலிருந்து குதிக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். ஒரு தலைமுறைக்கு முன்பு இந்த நாட்டில் பாராசூட் என்றால் ராணுவம்தான், ஆக்ராவில் உள்ள பயிற்சிப் பள்ளிதான். 1979-ல் குதிக்கத் தொடங்கிய ரேச்சல் தாமஸ் 2002-ல் வடதுருவத்தில் போய் இறங்கினார். இரண்டு ஆண்டு கழித்து புனேயின் ஷீத்தல் மகாஜனும் அங்கே இறங்கினார். அப்போதெல்லாம் அது நாளிதழில் படித்து வியக்கிற சங்கதி. இன்று துபாயிலோ தாய்லாந்திலோ ஸ்பெயினிலோ விடுமுறையைச் செலவழித்து, குறைந்தது 25 முறை குதித்து, அமெரிக்க பாராசூட் சங்கத்தின் ‘ஏ’ உரிமத்தோடு வீட்டுக்கு வருகிறீர்கள்.

வந்ததும் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி. “அண்ணா, 150 சதுர அடிக் குடை எடுக்கலாமா?” சிலர் 135 என்றும் கேட்கிறார்கள். யாரோ விற்கிறார்களாம், விலை மலிவாம், நிறமும் பிடித்துவிட்டதாம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லும் பதிலை எல்லோருக்குமாகச் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். இப்போது வேண்டாம். ஏன் என்று முழுவதும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

உங்கள் அம்மா அப்பா பயப்படுவது குடை விரியாமல் போய்விடுமோ என்றுதான். அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. 2014 மே மாதம் சேலம் காமலாபுரம் விமான நிலையத்தில் பெங்களூரிலிருந்து குதிக்க வந்த ஓர் இளம்பெண் குடை சரியாக விரியாமல் இறந்துபோனார். தமிழ்நாட்டில் இந்த விளையாட்டைப் பற்றிப் பேச்செடுத்தாலே பலருக்கு நினைவுக்கு வருவது அந்தச் செய்திதான். ஆனால் உரிமம் வாங்கிய உங்கள் முதுகில் இரண்டு பாராசூட்டுகள் இருக்கின்றன. இரண்டாவதான ரிசர்வை மடிப்பவர் அதற்கென்றே சான்று பெற்ற ரிக்கர். நீங்கள் மயங்கிப்போனாலும் தானாகவே ரிசர்வைத் திறந்துவிடும் கருவியும் இருக்கிறது. 2023-ல் அமெரிக்காவில் சுமார் 36.5 லட்சம் குதிப்புகள் நடந்தன. இறந்தவர்கள் 10 பேர். இந்த அளவுக்குப் பாதுகாப்பு வளர்ந்துவிட்ட பிறகும் பிடிவாதமாகத் தொடர்கிற விபத்து ஒன்று உண்டு. குடை அழகாக விரிந்திருக்கும், ஒரு கயிறுகூடச் சிக்கியிருக்காது, வானமும் தெளிவாக இருக்கும். கடைசி நூறு அடியில் தவறான ஒரு திருப்பம். தொடை எலும்பு, இடுப்பு, முதுகுத்தண்டு. சில வேளைகளில் உயிர். உங்கள் வீட்டார் பயப்பட வேண்டிய இடம் இதுதான். எத்தனை சதுர அடி வாங்குகிறீர்கள் என்பது நேராக இங்கேதான் வந்து நிற்கிறது.

கணக்கை ஒருமுறை காகிதத்தில் போட்டுப் பாருங்கள். விமானத்தின் கதவைத் தாண்டும்போது உங்களுக்கு இருக்கும் மொத்த எடையை எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பு, உடை, ஹெல்மெட், முதுகில் சுமக்கும் பாராசூட் பை எல்லாம் சேர்ந்த எடை அது. அதைப் பவுண்டில் எழுதி, குடையின் சதுர அடியால் வகுத்தால் வருவது விங் லோடிங். 70 கிலோ தம்பிக்குச் சாமான்கள் 12 கிலோ என்றால் மொத்தம் 82 கிலோ, அதாவது 181 பவுண்டு. 190 சதுர அடிக் குடையில் அவருக்கு 0.95 வரும். 170-ல் 1.06, 150-ல் 1.21, 135-ல் 1.34. எழுதிப் பார்த்தால் சின்னச் சின்ன வித்தியாசம்போலத் தெரியும். அப்படித் தெரிவதுதான் ஆபத்து. 190-லிருந்து 135-க்குப் போனால் அதே தம்பியின் வேகம் ஏறக்குறைய 19 சதவீதம் கூடுகிறது. தரையில் மோத நேர்ந்தால் எலும்பு தாங்க வேண்டிய ஆற்றல் 41 சதவீதம் கூடுகிறது. திரும்பும்போது இழக்கும் உயரமும் கூடுகிறது. முடிவெடுக்கக் கிடைக்கும் நேரமோ குறைகிறது.

பாராசூட் ஓட்டக் கற்றுத்தருவதையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட பிரையன் ஜெர்மைன் ஓர் எளிய வரம்பு சொல்லியிருக்கிறார். முதல் 100 குதிப்பு வரை 1.0-ஐத் தாண்ட வேண்டாம். அதன்பின் ஒவ்வொரு நூறுக்கும் 0.1 கூட்டிக்கொள்ளலாம். இதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். நூறு முடிந்ததும் 1.1-க்குப் போயே ஆக வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அதற்கு மேல் போகாதே என்கிறார். 500 குதித்த பிறகும் 1.0-லேயே நின்று, நினைத்த இடத்தில் நின்றபடி இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நான் மதிக்கும் ஓட்டுநர்கள் அவர்கள்தான்.

எடை கூடின தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. 95 கிலோ உடம்பும் 13 கிலோ சாமானும் சேர்ந்தால் 238 பவுண்டு. உங்களுக்கு 190 என்பது 1.25. அந்த 70 கிலோ தம்பிக்கு 150 எப்படியோ, கிட்டத்தட்ட அப்படித்தான் உங்களுக்கு 190. “190 எல்லாம் ஸ்டூடன்ட் குடை” என்று பக்கத்தில் நிற்பவன் சொன்னால், அவன் எடை என்ன என்று கேளுங்கள். உங்களுக்கு வேண்டியது 240 அல்லது அதற்கும் மேல்.

எடை குறைந்த தங்கைகளுக்கு நேர்வது வேறு. 52 கிலோ உடம்பு, 11 கிலோ சாமான், மொத்தம் 139 பவுண்டு. கணக்குப்படி 135 சதுர அடியில்கூட 1.03-தான் வருகிறது. வரம்பை ஒட்டித்தானே இருக்கிறது என்று அதை வாங்கிவிடத் தோன்றும். செய்யாதீர்கள். சிறிய குடைக்குக் கயிறுகளும் குட்டை. லோடிங் ஒன்றாகவே இருந்தாலும் 135 திரும்பும் வேகம் வேறு, 190 திரும்பும் வேகம் வேறு. திருப்பும் கைப்பிடியான டாகிளைச் சற்று அதிகமாக இழுத்துவிட்டாலே குடை பக்கவாட்டில் பாய்ந்துவிடும். அதனால்தான் சதுர அடி குறையக் குறைய, புதியவர்களுக்கான லோடிங் வரம்பையும் குறைத்துக்கொண்டே போக வேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்கிறார்கள். 170-ல் உங்களுக்கு 0.82 வரும். இப்போதைக்கு அது நல்ல அளவு. காற்று பலமாக அடிக்கிற நாளில் அந்தக் குடை முன்னேறாமல் நிற்கும், பின்னாலும் தள்ளப்படலாம் என்பது உண்மைதான். அப்படிப்பட்ட நாளில் விமானம் ஏறாதீர்கள். மற்றவர்கள் ஏறுகிறார்களே என்று பார்க்க வேண்டாம். அவர்களுடைய எடை வேறு, குடை வேறு. சின்னக் குடை காற்றுக் கொந்தளிப்பில் இறுக்கமாக நிற்கும் என்று சிலர் சொல்வார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த இறுக்கத்தோடு தரையிறங்கும் வேகமும் சேர்ந்தே வரும். புதியவருக்கு அது கட்டுப்படியாகாது.

அடுத்தது, மலையில் பிறந்த நமக்குச் சட்டென்று புரிகிற விஷயம். உயரம் கூடினால் காற்று மெலியும். மெலிந்த காற்றில் அதே எடையைத் தாங்கக் குடை வேகமாக ஓடியாக வேண்டும். கூடலூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,070 மீட்டர். இங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. ஊட்டி 2,240 மீட்டர். அங்கே ஐந்தில் ஒரு பங்கு குறைவு. வேகக் கணக்கில் பார்த்தால், கடற்கரையில் 170 ஆக இருக்கும் குடை கூடலூர் உயரத்தில் 153 போலவும் ஊட்டி உயரத்தில் 136 போலவும் ஓடும். நீங்கள் வேறு எதையும் மாற்றவில்லை, மலை ஏறினீர்கள், அவ்வளவுதான். ஊட்டியில் யாரும் குதிக்கப்போவதில்லை என்பது தெரியும். ஆனால் துபாயில் கடலோரப் புல்வெளியில் பழகியவர் 700 மீட்டருக்கு மேல் இருக்கும் மைசூரில் ஒரு வெயில் நாளில் இறங்கினால், இதே மாற்றம் குறைந்த அளவில் அவருக்கும் நடக்கும். வெயிலும் காற்றை மெலியவைக்கும். “இறங்கும் நொடியில் பிரேக் இழுத்து ஃப்ளேர் சரியாகத்தான் செய்தேன், ஆனால் தரை சீக்கிரம் வந்துவிட்டது” என்று சொல்பவர்களில் பலருக்கு நேர்ந்தது இதுவாக இருக்கலாம். 150-க்கு மாறியவர் அதே நாளில் உயரத்துக்கும் மாறினால், இரண்டு படியை ஒன்றாகத் தாண்டுகிறார்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததுக்கு வருகிறேன். மேலே சொன்ன வரம்புகள் எல்லாம் குதிப்பின் எண்ணிக்கையை வைத்துச் சொல்லப்பட்டவை. அந்த எண்ணிக்கை வாராவாரம் குதிக்கிறவர்களின் நாட்டில் பொருள் தருவதுபோல நமக்குத் தராது. கலிஃபோர்னியாவில் குதிக்கும் மைதானமான டிராப்ஸோனுக்குப் பக்கத்தில் குடியிருப்பவன் சனி, ஞாயிறில் நான்கைந்து முறை குதித்து ஒரே ஆண்டில் நூறைத் தொட்டுவிடுவான். கை மறப்பதற்கு முன்பே அடுத்த வாரம் வந்துவிடும். நம் நாட்டில் அப்படி ஆண்டு முழுக்க இயங்கும் இடங்கள் மிகக் குறைவு. ஹரியானாவின் நார்நவுலில் குதிக்கலாம். மைசூரில் சாமுண்டி மலை அடிவாரத்தில் அவ்வப்போது முகாம்கள் நடந்திருக்கின்றன. மற்றபடி விடுமுறை கிடைத்தால் வெளிநாடு. பத்து நாளில் முப்பது குதித்துவிட்டு எட்டு மாதம் சும்மா இருப்பீர்கள். பிறகு வேறு நாடு, வேறு வாடகைக் குடை, வேறு மைதானம். பதிவேட்டில் 100 என்று எழுதியிருக்கும். ஒவ்வொரு முறையும் முதல் ஐந்தாறு குதிப்பு பழையதை நினைவுபடுத்திக்கொள்ளவே போய்விட்டதே, அதைக் கழித்துவிட்டு எண்ணிப் பாருங்கள். ‘ஏ’ உரிமக்காரர் 60 நாள் குதிக்காமல் இருந்தால் ஆசிரியரின் மேற்பார்வையில்தான் மறுபடியும் தொடங்க வேண்டும் என்று அமெரிக்கச் சங்கமே சொல்கிறது. நம்மில் பெரும்பாலோருக்கு அந்த 60 நாள் ஒவ்வொரு ஆண்டும் பல முறை கடந்துவிடுகிறது.

ஆகவே நமக்கான அளவை நம் நல்ல நாளை வைத்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. எட்டு மாதம் கழித்து, தூக்கம் கெட்டு, தெரியாத மைதானத்தில், காற்று திசைமாறிய மத்தியானத்தில் எந்தக் குடை உங்களைக் கால் ஒடியாமல் இறக்குமோ, அந்த அளவுதான் உங்கள் அளவு. கூடலூரிலிருந்து மைசூர் முகாமுக்குப் போகிற பையனை நினைத்துக்கொள்ளுங்கள். பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 மணிக்கு மூடினால் காலை 6-க்குத்தான் திறக்கும். முந்தின நாளே போய்த் தங்காவிட்டால், காற்று அடங்கியிருக்கும் விடியல் நேரம் அவனுக்குக் கிடைக்காது. போய்ச் சேர்ந்து, சாமான்களைச் சரிபார்த்து, விமானத்தில் ஏறும்போது வெயில் ஏறி, தரை சூடாகி, காற்று குதிக்கத் தொடங்கியிருக்கும். நீண்ட இடைவெளிக்குப் பிறகு அவனுடைய முதல் இறக்கம் அந்த நேரத்தில் நடக்கும். அப்போது தலைக்கு மேலே 150 இருப்பதும் 190 இருப்பதும் ஒன்றா?

ஊட்டிப் பக்கத்துக் கல்லட்டி மலைப்பாதை இறக்கத்தை நீங்கள் அறிவீர்கள். 36 கொண்டை ஊசி வளைவு. வெளியூர் வண்டிகளை அதில் கீழே இறங்க விடுவதில்லை. அந்த ஓட்டுநர்களிடம் உரிமம் இல்லாமலா? சமவெளியில் பல ஆண்டு ஓட்டியவர்கள்தான். அந்தச் சரிவில் பிரேக் சூடேறும்போது கை தானாகக் கியரைக் குறைக்கிற பழக்கம் அவர்களுக்கு இல்லை, அதுதான் காரணம். உங்கள் ‘ஏ’ உரிமத்தையும் இப்படித்தான் பார்க்கிறேன். குடை ஓட்டத் தெரியும் என்பதற்கு அது சான்று. எதிர்பாராதது நடக்கும்போது கை தானாகச் சரியானதைச் செய்யும் என்பதற்கு இன்னும் சான்று கிடைக்கவில்லை.

எதிர்பாராதது என்று சொன்னேன். பெரும்பாலும் நடப்பது இதுதான்: மைதானத்துக்குத் திரும்ப முடியாது என்று தாமதமாகத் தெரிகிறது. கீழே வேலி, மின்கம்பி, மரம். நம் பக்கத்து நிலத்தையே நினைத்துப் பாருங்கள். சரிவில் தேயிலை, இடையிடையே சில்வர் ஓக், ஓரத்தில் ஓடை, எங்கே சமதரை இருக்கிறது? தடையைக் கண்டதும் பதற்றத்தில் ஒரு டாகிளை முழுவதும் இழுக்கிறார்கள். குடை ஒருபக்கமாகச் சாய்ந்து கீழே பாய்கிறது, நிமிரும் முன் தரை வந்துவிடுகிறது. பெரிய குடையில் இதே தவறு கணுக்காலோடு போகலாம். சின்னக் குடையில் போகாது. எந்தக் குடையானாலும் இதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். காற்றுக்கு எதிராகத் திரும்ப வேண்டும் என்ற ஆசையைவிட இறக்கை மட்டமாக இருப்பது முக்கியம். காற்றோடு போய் இறங்கினாலும் பரவாயில்லை, மட்டமாக இறங்கி உருளுங்கள்.

ஓர் அளவு குறைக்கும் முன் இப்போதைய குடையில் என்னென்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று பில் வான் நோவாக் என்ற ஸ்கைடைவர் ஒரு பட்டியல் எழுதி வைத்திருக்கிறார். அதில் எனக்கு மிக அவசியமாகத் தோன்றுவது பிரேக் பிடித்தபடியே தட்டையாகத் திரும்புவது. உயரத்தை அதிகம் இழக்காமல் 90 டிகிரி திரும்ப வேண்டும். முதலில் ஆயிரக்கணக்கான அடி உயரத்தில் நூறு முறை செய்து பாருங்கள். தரைக்குப் பக்கத்தில் தேவைப்படும்போது யோசிக்காமல் வர வேண்டும். காற்றே இல்லாத நாளிலும் பக்கக் காற்றிலும் நின்றபடி இறங்கத் தெரிய வேண்டும். ஃப்ளேர் செய்துகொண்டிருக்கும்போதே குறுக்கே யாராவது வந்தால் சற்றுத் திரும்பி இறங்கத் தெரிய வேண்டும். குறித்த இடத்துக்குப் பத்து மீட்டருக்குள் ஒருமுறை அல்ல, அடுத்தடுத்து இறங்க வேண்டும். இவையெல்லாம் கைவந்த பிறகு ஓர் அளவு, ஒரே ஓர் அளவு குறையுங்கள். 190-லிருந்து நேராக 150-க்குத் தாவ வேண்டாம். 170-ல் ஒரு நீண்ட காலம் இருங்கள். புதிய அளவில் முதல் குதிப்புகளை உங்களுக்குப் பழக்கமான மைதானத்தில், அமைதியான காற்றில் வைத்துக்கொள்ளுங்கள்.

அளவு ஒன்றாக இருந்தாலும் வகை வேறாக இருக்கும் என்பதையும் பாருங்கள். சேபர், பைலட், சஃபையர் போன்றவை புதியவர்கள் கொஞ்சம் பழகியதும் எடுக்கிற குடைகள். கட்டானா, வெலாசிட்டி போன்ற பெயர்களை விற்பனை விளம்பரத்தில் கண்டால், அளவைப் படிக்காமலேயே தள்ளிவிடுங்கள். அவை பல நூறு குதிப்பு பார்த்தவர்களுக்காகச் செய்யப்பட்டவை. ஒவ்வொரு நிறுவனமும் சதுர அடியை அளக்கிற முறையும் வேறுபடுவதுண்டு.

வாங்குகிற இடத்தில் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல தவறான முடிவுகள் வானத்தில் அல்ல, பேரத்தில்தான் தொடங்குகின்றன. பழைய பாராசூட் சந்தைக்கு வருவது பெரும்பாலும் அனுபவசாலி வளர்ந்துபோய் விட்டுவிட்ட சாமான். ஆகவே 150, 135 தாராளமாகக் கிடைக்கும். நல்ல 190, 210 தேடித்தான் எடுக்க வேண்டும். பையும் முதன்மைக் குடையான மெயினும் ரிசர்வும் ஒரே மொத்தமாக விலைபேசப்படும். எல்லோரும் மெயினின் அளவைக் கேட்கிறார்கள். ரிசர்வின் அளவைக் கேட்பவர் அபூர்வம். சின்ன மெயினுக்கான சின்னப் பையில் 126 சதுர அடி ரிசர்வ் இருக்கலாம். நம் 70 கிலோ தம்பிக்கு அது 1.44. ரிசர்வை எப்போது திறப்பீர்கள்? மெயின் கெட்டுப்போய், உயரம் குறைந்து, மனம் படபடக்கும்போது. அல்லது நீங்கள் நினைவிழந்து கருவியே திறந்துவிடும்போது. அப்போது ஃப்ளேர் செய்ய ஆள் இல்லை. யாரும் ஓட்டாமலே தரையிறங்கக்கூடிய குடை அது. உங்கள் வாழ்க்கையில் மிகப் பெரியதாக இருக்க வேண்டிய குடையும் அதுதான். லேபிளில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச எடையை உங்களுக்கான சிபாரிசு என்று எண்ணிவிடாதீர்கள். பை தன் அளவுக்கு மேல் பெரிய குடையை ஏற்காது. அதனால் முதலில் ரிசர்வின் அளவு, பிறகு மெயின், கடைசியாக இரண்டையும் கொள்ளும் பை என்று முடிவுசெய்யுங்கள்.

“பெரியதை வாங்கினால், அளவைக் குறைக்கும்போது விற்க வேண்டியிருக்குமே, பணம் நஷ்டம்தானே” என்று கேட்பீர்கள். எஸ்டேட் வேலையில் வளர்ந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பணத்தின் அருமை தெரியும். அந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆண்டுக்கு முப்பது நாற்பது குதிக்கிறவருக்குச் சொந்த பாராசூட்டே இப்போது அவசியமில்லை. குதிக்கும் இடத்திலேயே வாடகைக்கு எடுத்து, 210, 190, 170 என்று நிதானமாக இறங்கி வாருங்கள். நல்ல ஹெல்மெட், உயரமானி, குடை ஓட்டும் பயிற்சி வகுப்பு ஒன்று, இவற்றில் முதலில் செலவழியுங்கள். உரிமம் வாங்கிய பிறகு குடை ஓட்டுவதை மட்டும் தனியாகக் கற்றுத்தரும் வகுப்புகள் பெரிய டிராப்ஸோன்களில் நடக்கின்றன. ஒரு 150-க்குக் கொடுக்கும் பணத்தில் சிறு பங்குதான் அதற்கு ஆகும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் உங்களில் இரண்டு மூன்று பேர் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை. தயவுசெய்து அதை இந்த ஆண்டு எடுக்காதீர்கள். விற்க முடிந்தால் விற்றுவிடுங்கள். வைத்திருக்கத்தான் போகிறீர்கள் என்றால், ஜூன் பிறந்ததும் நம் வீடுகளில் பெட்டிக்குள் இருக்கும் துணிகூடப் பூசணம் பிடிப்பதை நினைவில் வைத்து, வெளிச்சமும் ஈரமும் படாத உலர்ந்த இடத்தில் வையுங்கள். மறுபடி எடுக்கும் நாளில் ரிக்கரிடம் காட்டி ரிசர்வைப் புதிதாக மடித்த பிறகே முதுகில் மாட்டுங்கள். அதுவரை வாடகை 190 போதும்.

அடுத்த முறை எனக்கு எழுதும்போது “150 எடுக்கலாமா” என்று மட்டும் எழுதாதீர்கள். சாமானோடு சேர்த்த எடை, கடைசியாகக் குதித்த தேதி, குதிக்கப்போகும் மைதானத்தின் உயரம், ரிசர்வின் அளவு, பிரேக்கில் திரும்பப் பழகியாயிற்றா இல்லையா, இவ்வளவையும் எழுதுங்கள். இதையே உங்கள் ஆசிரியரிடமும் அனுப்பி அவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். உங்கள் குடை ஓட்டத்தை நேரில் பார்த்தவர் அவர். அவர் பெரிய அளவைச் சொல்லி நான் சின்னதைச் சொன்னால், அவர் சொல்வதையே கேளுங்கள்.

அன்புடன்,
உங்களுக்கு முன்னே குதித்த அண்ணன் ஒருவன்
கூடலூர், நீலகிரி